பகல் தூக்கத்தின் வகையும் விரியும்: காடாம்புலியூர் வழக்கு

பகலில் வருவதும் தூக்கம், இரவில் வராததும் தூக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது முன்னோர் செய்த பிழை. அதைத் திருத்தும் பொருட்டு, பண்ருட்டி–வடலூர் சாலையில் காடாம்புலியூரின் திண்ணைகளையும் டீக்கடைப் பெஞ்சுகளையும் களமாகக் கொண்டு, பகல் தூக்கம் இங்கே நான்காக வகுக்கப்படுகிறது. ஐந்தாவது ஒன்று உண்டு. அது புறனடையில் வரும்.

முதலாவது கொல்லைத் தூக்கம். பங்குனி வெயிலுக்குப் பயந்து விடியுமுன் போய் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர், மதியம் அந்த மரத்தடியிலேயே துண்டை விரிப்பது. கிளைகள் தரையைத் தொடுவதால் சாலையில் போகிறவர் கண்ணில் பட மாட்டார். இருபது நிமிடத்தில் எறும்பு எழுப்பிவிடும். மருத்துவர்கள் சொல்லும் அளவும் அதுதான்: அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கம் பிடித்து, எழுந்தபின் மந்தம் தட்டும். பழியைச் சோற்றின்மேல் போடுவது வழக்கம். சோறு உண்ணாதவனுக்கும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் உடம்பின் கடிகாரமே ஒரு சரிவு காட்டும்.

இரண்டாவது பேருந்துத் தூக்கம். உட்பிரிவு மூன்று: சன்னல் சாய்வு, தோள் சாய்வு, தலையாட்டி. தோள் சாய்வுக்குத் தோளுக்குரியவர் சம்மதம் வேண்டியதில்லை, எச்சில் ஒழுகாதவரை. மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் தூக்கக் கலக்கத்தை அளக்க எட்டுக் கேள்வி வகுத்தார். வண்டியில் பயணியாகப் போகையில் கண் அசருமா என்பது அதில் ஒன்று. மொத்தம் 24 மதிப்பெண். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முந்திரி உடைக்கும் கொட்டகையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாதது அந்தக் கேள்வித்தாளின் குறை.

மூன்றாவது ஷிப்ட் தூக்கம். நெய்வேலிச் சுரங்கம் பக்கத்தில் இருப்பதால் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது. என் மாமா இதற்கு உதாரணம். இரவெல்லாம் விழித்துவிட்டு விடிந்ததும் வீடு திரும்புவார். முகத்தில் அடிக்கும் காலை வெயில் ‘எழுந்திரு’ என்னும். உடம்பு ‘படு’ என்னும். படுத்தால் எதிர்வீட்டில் குக்கர், கோயிலில் ஒலிபெருக்கி. எல்லாவற்றையும் மிஞ்சும் அத்தையின் குரல்: “மாமா தூங்குறாரு, சத்தம் போடாதீங்கடா!” இரவில் ஏழு மணி நேரம் தூங்குகிறவர் பகலில் நான்கைந்தோடு எழுந்துவிடுவார். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார், கொஞ்சம் தேவலை. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டால் நல்லது என்று யாரோ சொல்ல, டிவிஎஸ் ஃபிப்டியில் அப்படியே வந்தார். யோசனை சரியானதே. ஊர்தான் சினிமாவுக்கா என்று கேட்டது. அதே ஊர், பகலில் படுத்தவரைச் சோம்பேறி என்றது. ராத்திரி எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நான்காவது மறுக்கப்படும் தூக்கம். “தூங்கலப்பா, கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருக்கேன்.” இதற்கு உரை தேவையில்லை.

அற்றேல், வள்ளலார் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னாரே எனின்: உணவையும் குறைக்கச் சொன்னார். இந்தத் தடையை எழுப்பிய பெரியப்பா, பாதியைத்தான் கேட்டிருக்கிறார். 1867-இல் வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை உறங்கவில்லை, உண்மை. அடுப்புக்கு விறகு போதும். வளர்ந்த மனிதருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015-இல் கூடிச் சொன்னார்கள். ‘வயசானா தூக்கம் எதுக்கு’ என்பதும் பிழை. அறுபத்தைந்துக்கு மேலும் ஏழு, எட்டு வேண்டும். சாயங்கால டீயை விடுவதும் நல்லது. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

புறனடை. போதிய நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குவது, குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி எழுவது: இது நூலுக்குள் அடங்காது, மருத்துவரிடம் போக வேண்டியது. தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்தவர்தான் சாட்சி. மாமாவுக்கு லீவு நாள் ராத்திரியிலும் மூச்சு நிற்கிறது என்று அத்தை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பண்ருட்டி தாண்டுமுன் தலை என் மேல் விழுந்தது. இரண்டாம் வகை, இரண்டாம் உட்பிரிவு.