கரையிறங்கும் கணக்குப்பிள்ளை

கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஏறின கூட்டமெல்லாம் மேல் மாடியில் பஃபே தட்டோடு அலைந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் கீழே, கரைச் சுற்றுலா டிக்கெட் விற்கிற மேஜைக்கு முன்னால் ஒரே ஒருவர் நிற்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் ரூம் கார்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். எந்தக் கப்பலிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் கப்பலில் இருந்தவர் என் சகலை.

மேஜையில் இருந்த பெண்ணிடம் அவர் ஒவ்வொன்றாக விலை கேட்டார். மலை ரயில் எவ்வளவு, புத்தர் கோயில் எவ்வளவு, கடற்கரை எவ்வளவு, சின்னப் பிள்ளைக்குப் பாதியா முழுசா. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். எதையும் வாங்கவில்லை. ஜவுளிக் கடையில் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேம்மா" என்று எழுந்து வருகிறவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகத்தோடு திரும்பினார்.

"வாங்கலியா அண்ணே?"

"கப்பல்காரன் விலை தெரிஞ்சாத்தானே சகலை, நாம எவ்வளவு மிச்சம் பிடிச்சோம்னு தெரியும்?"

சகலை வங்கியில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்குத் தீவில் எங்கள் கப்பல் நிற்கப்போவது ஒரே ஒரு பகல். அந்த ஒரு பகலுக்காக மூன்று மாதம் முன்பே வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி, எங்கள் ஒன்பது பேரையும் அதில் அடைத்துவிட்டார். எங்கே போகலாம் என்று வாக்கெடுப்பு வைத்தார். ஒன்பது பேருக்குப் பதினொரு ஓட்டு விழுந்தது. இரண்டு பேரிடம் இரண்டு நம்பர் இருந்ததைக் கண்டுபிடித்து, கள்ள ஓட்டைக் கழித்து, மறு வாக்கெடுப்பு நடத்தினார். மருமகளுக்குக் கடற்கரை. பேத்திக்கு ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற ஓவியம். 2012-ல் எர்னஸ்ட் ஜகரேவிச் என்ற லிதுவேனியக்காரர் வரைந்தது அது. பிள்ளைகள் வண்ணம், சைக்கிள் நிஜம். அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காமல் ஊர் திரும்பினால் பள்ளிக்கூடத்தில் மதிக்கமாட்டார்களாம். அக்காவுக்கு, அதாவது சகலையின் மனைவிக்கு, குயின் தெரு மாரியம்மன் கோயில். பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில், 1833-ல் கட்டியது. பக்கத்திலேயே ஜாதிக்காய் கிடைக்கும், மல்லிகைப்பூ கிடைக்கும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"அது லிட்டில் இந்தியாடீ. லிட்டில் இந்தியாவப் பாக்க, பெரிய இந்தியாவுல இருந்து கப்பல் ஏறி வரணுமா?" என்று சகலை தள்ளுபடி செய்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று சகலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பினாங்குக்கு முதல் நாள் இரவு, சாப்பாட்டு மேஜையில் ஃபைல் திறந்தது.

"கப்பல் எட்டு மணிக்குக் கட்டுறான். நாலரைக்கு எல்லாரும் உள்ள இருக்கணும். மொத்த வரவு 510 நிமிஷம்." பேனாவைத் திறந்தார். "இப்ப செலவு. இறங்க அனுமதி வர்றதுக்கு அறுபது. இமிக்ரேஷன் வரிசை நாப்பத்தஞ்சு. வேன் ஓட்டம் எம்பது. பாத்ரூம் நாப்பது. யாராவது காணாமப் போனா தேட இருபது. இவங்க எதையாவது பாத்துட்டு நின்னா முப்பது. எல்லாத்துக்கும் மேல, கையிருப்பு தொண்ணூறு."

"கையிருப்பா?"

"மினிமம் பேலன்ஸ் சகலை. அதைத் தொடவே கூடாது."

மீதி 145 நிமிஷம். இவ்வளவு செலவு செய்து, விமானம் ஏறி, கப்பல் ஏறி வந்து, தீவில் நாங்கள் நிகரமாக இருக்கப்போவது ஒரு தமிழ் சினிமா ஓடுகிற நேரம். அதையும் அவர் பங்கு பிரித்தார். கார்ன்வாலிஸ் கோட்டைக்கு ஏழு நிமிஷம் போட்டிருந்தார். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் கட்டிய கோட்டை, கொஞ்சம் கூடப் போடக்கூடாதா என்று கேட்டேன். "ஒரு சண்டைகூட நடக்காத கோட்டை சகலை. ஏழே ஜாஸ்தி" என்றார். விசாரித்தால் நிஜம்தான். அந்தக் கோட்டையில் போர் நடந்ததே இல்லை. இந்த ரகத்து மனிதர்களிடம் உள்ள தொந்தரவே இதுதான். தகவலில் பிழை பிடிக்க முடியாது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஊர் நேரத்தப் பாக்கக்கூடாது. கப்பல் நேரந்தான் நேரம்." சிங்கப்பூரிலும் கப்பலிலும் பினாங்கிலும் ஒரே நேரம்தான் என்று பேத்தி சொன்னாள். "இருக்கட்டும். பழக்கம் வேணும்ல?" என்றார்.

கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமோ என்கிற இந்தப் பயத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. கப்பல்காரனிடம் டிக்கெட் வாங்கிய கூட்டம் திரும்பி வரத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக வேன் பேசிப் போனவர்களுக்குக் காத்திருக்காது. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அவரவர் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, அந்த மேஜையில் விற்பது பாதி ஊர்சுற்றல், பாதி நிம்மதி. சகலைக்கு நிம்மதிக்குக் காசு கொடுக்க மனமில்லை. அதைத் தானே தயாரித்துக்கொள்ளப் பார்த்தார்.

காலையில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு எடுத்தது, ஆட்சி வருஷத்துக்கு ஓர் அடியாக அறுபது அடி. இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். சகலை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாஞ்ச கடிகாரத்த நம்பி யாரும் நேரம் பாக்காதீங்க. வாங்க வாங்க."

வேன்காரர் தமிழர், பினாங்கிலேயே பிறந்தவர். அட்டவணையை வாங்கி ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, மடித்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாத்துக்குடித் தோலோடு வைத்தார்.

"இதெல்லாம் பாக்கலாம்ணே. மொதல்ல சாப்டாச்சா?"

போகிற வழியில் பேச்சுக் கொடுத்தார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவராம். அந்தக் காலத்தில் அப்படி வருகிறவர்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். பக்கத்திலிருக்கிற ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் வைத்திருந்துதான் அனுப்புவார்களாம். "ரெண்டு வருசத்துல திரும்பிடுறேன்னு சொல்லிட்டுத்தான் எறங்குனாரு எங்க தாத்தா. கடைசி வரைக்கும் திரும்பிப் போகவே இல்ல."

வேனில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். சகலை மட்டும் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கப்பலத் தவற விட்டுட்டாரா?"

ஆயர் ஹித்தாமில் மலை ரயில் நிலையத்துக்குப் போனோம். 1923-ல் ஓடத் தொடங்கிய ரயில். முன்பு நடுவழியில் வண்டி மாறி அரைமணி நேரம் ஏறுமாம். 2011-ல் மாற்றிய புது வண்டி சில நிமிஷங்களில் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆனால் அதில் ஏற நிற்கிற வரிசை வாசலைத் தாண்டி வெளியே வந்திருந்தது. சகலை ஒன்பது தலையை எண்ணினார், வரிசையை எண்ணினார், பேனாவால் ஒரு கோடு கிழித்தார். மலை முடிந்தது. அங்கிருந்து திரும்பும்போது எதிர்ச் சரிவில் கெக் லோக் சி கோயிலின் குவான் யின் அம்மன் தெரிந்தாள். முப்பது மீட்டர் வெண்கலச் சிலை. "அதோ தெரியுது பாருங்க. எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டு அதற்கும் ஒரு டிக் போட்டார். வேன் நிற்கவே இல்லை.

தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணிக்கு 513 படி. படிக்கு மூன்று நொடி, ஏற இருபத்தாறு நிமிஷம் என்று முன்பே போட்டிருந்தார். முழங்காலைக் கணக்கில் சேர்க்கவில்லை. இருநூறாவது படிப் பக்கம் ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நேரத்த நான் பாத்துக்கறேன்" என்றார். இறங்கி வரும்போது பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கையைக் கூப்பினேன். கிட்டே போனால் உதடு அசைகிறது. "வேன் இருபது, சாப்பாடு இருபத்தஞ்சு..."

அந்த இருபத்தைந்தில்தான் கணக்கு உடைந்தது. வேன்காரர் கொண்டுபோய் நிறுத்தியது நாசி கண்டார் கடை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிவந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. அந்தத் தண்டின் பெயர்தான் அதற்கும் நிலைத்துவிட்டது. சகலை கோழியும் மீன்முட்டையும் கேட்டுவிட்டு, "குழம்ப மட்டும் தனித்தனியா வைங்க பாய்" என்றார். கடைக்காரர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீனில் ஒரு கரண்டி, பருப்பில் ஒன்று, பிறகு எதிலிருந்து என்று தெரியாமல் இரண்டு. சோறு மூழ்கிவிட்டது. "பஞ்சிர்" என்றார் சிரித்துக்கொண்டே. வெள்ளம் என்று அர்த்தமாம். சகலை விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு வாய் வைத்தார். அப்புறம் பேச்சில்லை. இடது கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கினார். ஐம்பத்திரண்டு நிமிஷம். நான்தான் பார்த்தேன். சொல்லவில்லை.

கைகழுவிவிட்டு வந்ததும் பழைய ஆளாகிவிட்டார். கடற்கரையை வெட்டினார். பேத்திக்கு மட்டும் சைக்கிள் படம் கிடைத்தது, அதுவும் "சிரிக்க நேரமில்ல, எடு எடு" என்ற அவசரத்தில் கண் மூடிய படம். இரண்டரைக்குக் கப்பலுக்குள் இருந்தோம். ரூம் கார்டு ஒவ்வொன்றாக 'டிங்' என்று அடிக்க, ஒன்பது டிங்கையும் எண்ணிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பன்னிரண்டாவது மாடிக்குப் போனால், கம்பி ஓரமாக நல்ல நாற்காலியாகப் பிடித்து, டீயோடு உட்கார்ந்திருந்தார். கீழே துறைமுகப் பாதை முழுக்கத் தெரிகிறது.

"வாங்க சகலை. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். இனிமேத்தான் கப்பல்லயே நல்ல ஷோ. டிக்கெட் கிடையாது."

நாலு இருபதுக்கு ஷோ தொடங்கியது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மேல்மாடிக் கூட்டம் கைதட்டி விசிலடித்தது. சகலை எழுந்து நின்று தட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை மலையிலும் பார்க்கவில்லை, கோயிலிலும் பார்க்கவில்லை. "பிளானிங் இல்ல சகலை. பிளானிங் இல்ல!" அடுத்து ஒரு பையன், முதுகில் பை குதிக்கக் குதிக்க. அதற்கும் தட்டினார்.

நாலு இருபத்து நாலு. தூரத்தில் இரண்டு பெண்கள். ஓடவில்லை. கையில் பையோடு, பேசிக்கொண்டே, நடந்து வந்தார்கள்.

"இவங்களப் பாருங்க. எவன் பொண்டாட்டியோ, கோயிலச் சுத்தற மாதிரி வருது" என்றார் சகலை. கையைத் தட்டத் தூக்கினார். "மாம்பழக் கலர் புடவை. நம்ம ஊர்க்காரங்க போல இருக்கு..."

தூக்கின கை அப்படியே நின்றது.

அக்கா தலைவலி என்று அறைக்குப் போயிருந்தார். கூடத் துணைக்குப் போனது என் மனைவி. துறைமுகத்திலிருந்து குயின் தெரு பத்து நிமிஷ நடை என்பது அட்டவணையிலேயே இருந்தது, தள்ளுபடி செய்த பக்கத்தில்.

சகலை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓடி வா! ஓடி வாடீ!" என்று கத்தினார். பன்னிரண்டு மாடிக்குக் கீழே அது எப்படிக் கேட்கும்? அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். யாரோ கைதட்டுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினார்.

லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கினோம். முழங்கால் ஞாபகம் சகலைக்கு வரவில்லை. வாசலில் போய் நிற்கவும் 'டிங்', 'டிங்' என்று இரண்டு சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. நாலு இருபத்தேழு. அக்காவின் கையில் உலர்ந்த ஜாதிக்காய்ப் பொட்டலம், நெற்றியில் கோயில் குங்குமம், தலையில் அப்போதுதான் வைத்த மல்லிகைச் சரம். முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. வேர்வையெல்லாம் சகலைக்குத்தான்.

"ஓடியாவது வந்திருக்கக் கூடாதா?"

"எதுக்குங்க? இன்னும் மூணு நிமிஷம் இருக்கே."

சகலை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, பழக்கதோஷம், பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நாளைக்கு புக்கெட். கப்பல் கடல்லயே நங்கூரம் போட்டுடுவான். சின்னப் படகுலதான் கரைக்குப் போகணும். ஊர் நேரம் வேற ஒரு மணி நேரம் பின்னால. நெஜமாவே கப்பல் நேரம் வேற, ஊர் நேரம் வேற. போன் தானா மாறிக்கும், அத நம்பினா அவ்வளவுதான். அதனால என்ன செய்யறோம்னா..."

அக்கா மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க கப்பல்லயே இருந்து நேரத்தப் பாத்துக்கோங்க. நாங்க ஊரப் பாத்துட்டு வந்துடறோம்."