வெஜிடேபிளும் வெள்ளி நாக்கும்

கூடலூர் என்ற நாலெழுத்து வாயில் நுழையாமல் அதைக் 'கடலோர்' ஆக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய கம்பெனிக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. நம் ஊர்ப் பெயரை அவர்கள் கொன்றபோது அவர்கள் மொழியின் உச்சரிப்பை நாம் ஏன் ஆங்கிலக் கவிதையை வாய்விட்டுப் படித்துக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் காப்பாற்றப் போவது ஆங்கிலத்தை அல்ல, கேட்பவரை. நம் ஆங்கிலத்தில் எழுத்துகளைவிட எடைதான் பெரிய கோளாறு. தமிழில் குறில் நெடிலுக்கு அளவு உண்டு. அதைச் சரியாகக் கொடுத்தால் போதும், எந்த அசையையும் தனியாகக் குத்த வேண்டியதில்லை. ஆங்கிலமோ ஓர் அசையைக் குத்திவிட்டு மற்றதை விழுங்குகிற மொழி. 'ஃபோட்டோகிராஃப்' என்றால் குத்து முதல் அசையில். கடைசியில் ஓர் 'இ' சேர்ந்ததும் அது இரண்டாவதற்குத் தாவி, சொல்லே 'ஃபடாக்ரஃபி' ஆகிவிடுகிறது. அகராதியில் இதற்கொரு குட்டிக் கோடு போட்டிருக்கிறார்கள். கொசு கடித்த தடம் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போகிறோம். யாப்புள்ள கவிதையில் அப்படித் தாண்ட முடியாது. தவறான அசையில் குத்தினால் வெண்பாவில் தளை தட்டுவதுபோல வரி நொண்டும், வாய்விட்டுப் படிப்பவர் காதிலேயே அது விழும்.

இயைபும் உளவு சொல்லும். நெதர்லாந்துக்காரர் கெரார்ட் நோல்ஸ்ட் டிரெனிட்டே 1920-இல் வெளியிட்ட 'தி கேயாஸ்' கவிதை முழுக்க, எழுத்தில் ஒன்றுபோல் இருந்து ஒலியில் முறைத்துக்கொள்ளும் சொற்கள்தான். தலைப்பையே 'சாவோஸ்' என்று படிப்பவருக்கு முதல் வரிக்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. பழைய கவிதை தப்பாகச் சொல்லிக்கொடுக்காதா என்றால், கொடுக்கும். இன்று 'வெஜ்டபிள்' என்று மூன்று அசையில் முடிகிற சொல், 1681-இல் அச்சான ஆண்ட்ரூ மார்வெலின் கவிதையில் நான்கு அசை பிடிக்கிறது. சிதம்பரம் மேலவீதியில் எவராவது நீட்டி முழக்கி 'வெஜிடேபிள் பிரியாணி' என்றால், அவர் மார்வெல் கட்சி. ஆகவே பழையதை ரசிக்கலாம், நாக்கைப் புதியதில் பழக்கலாம். தமிழ் நாக்கு அதற்கு வளையுமா என்ற சந்தேகத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமே பதில் வைத்திருக்கிறது. 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்தவர். அவர் ஆங்கிலத்தைக் கேட்ட வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்றார்கள். வளையும், தினம் பத்து வரி சத்தம் போட்டுப் படித்தால். ஓட்டலில் மட்டும் மார்வெல் கட்சியிலேயே இருந்துவிடுங்கள், 'வெஜ்டபிள்' என்று கேட்டால் சர்வர் "என்ன சார்?" என்பார்.