ஏழுமலையானும் என் டெப்த் கேஜும்

சித்தூரில் ஆழம் என்றால் அது போர்வெல் ஆழம்தான். ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வந்தது என்று சொல்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அதனால் டெப்த் கேஜ் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் பரிவு படர்ந்தது.

“எத்தனை அடியில சார் தண்ணி?”

பதினெட்டு மீட்டரில் என்றேன்.

“அறுபது அடியிலயேவா! தோட்டம் எந்தப் பக்கம்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தோட்டம் புதுச்சேரிக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியபோது நெல்லூரிலிருந்து கூடூரையும் சூளூர்ப்பேட்டையையும் பிரித்து அதோடு சேர்த்தார்கள். திருப்பதிக்காரர்களுக்கு ஒரே அரசாணையில் மலையோடு கடலும் வந்து சேர்ந்தது. எங்களுக்கு மாம்பழம் மிச்சம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து தலை நரைத்த பிறகு ஸ்கூபா கற்கப் போனவன் நான். இடுப்பில் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஈயம் கட்டினால்தான் முழுகுவேன். வீட்டுச் சாப்பாட்டின் பலன் முழுவதும் மிதக்கும் குணம் கொண்டது.

என் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர், சிங்கப்பூர் மச்சான் புதுசு வாங்கியதும் எனக்குத் தள்ளிவிட்ட பழசு. அதில் பேட்டரி சின்னம் அவ்வப்போது கண்ணடிக்கிறது. டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டபடியே இருக்கும். கீழே இருக்கும்போது அது கண்ணை மூடிவிட்டால் அந்தக் கணக்கும் அதோடு போச்சு. பக்கத்தில் நீந்துபவரின் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சமாளிக்கவும் முடியாது; அவர் போன ஆழம் வேறு, நான் போன ஆழம் வேறு. ஆகவே மாற்றுக் கருவி ஒன்று வேண்டும். அதுவும் முதல் முழுக்கிலிருந்தே கையில் இருக்க வேண்டும். பாதியில் எடுத்துக் கட்டிக்கொள்வது, ரம்மியில் நடுவில் வந்து உட்கார்ந்தவனிடம் புள்ளிக் கணக்கு கேட்பது மாதிரி.

“ஏங்க, அதுக்குத்தான் கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட வாட்ச் இருக்கே. முப்பது மீட்டர்னு எழுதியிருக்கு பாருங்க” என்றாள் மனைவி. எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த முப்பது மீட்டர், அசையாத தண்ணீரின் அழுத்தத்தை வைத்துச் சோதனைக் கூடத்தில் போடுகிற முத்திரை. நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான், நீச்சலுக்கே ஆகாது. இதை விளக்கினேன். மாமனார் போட்ட வாட்சை மட்டம் தட்டியதாக அது பதிவாயிற்று.

இருப்பதிலேயே மலிவானது நுண்குழாய் கேஜ். ஒரு பக்கம் மூடிய மெல்லிய குழாய், உள்ளே காற்று. ஆழம் கூடக்கூடத் தண்ணீர் அந்தக் காற்றை நெருக்கும். பேட்டரி கிடையாது, பழுதாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது, 1662-இல் பாயில் சொன்ன விதிதான் முழு இயந்திரமும். பத்து மீட்டரில் காற்று பாதியாகும், இருபதில் மூன்றில் ஒரு பங்கு, முப்பதில் கால் பங்கு. ஆகவே இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே உள்ள கோடுகள் எல்லாம் குழாயின் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் இடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு வெள்ளெழுத்து. சரியான ஆழத்தைத் தெரிந்துகொள்ள மேலே வந்து கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது முள் வைத்த கேஜ். 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்தோன் காப்புரிமை வாங்கிய வளைந்த குழாய்தான் உள்ளே இருக்கிறது. அழுத்தம் ஏறினால் குழாய் நெகிழும், முள் நகரும். இதே பூர்தோன் குழாய் எங்கள் ஊர் மாங்கூழ் ஃபேக்டரி பாய்லர்களிலும் உட்கார்ந்திருக்கிறது. விஷயம் கேள்விப்பட்ட பாய்லர் மெக்கானிக் ஒருவர் சும்மாவே ஒரு கேஜ் கொண்டுவந்து கொடுத்தார். “தோதாபுரி சீசன் முடிஞ்சுபோச்சு சார், எடுத்துட்டுப் போங்க.” பத்து மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். அந்த கேஜ் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அதைக் கட்டிக்கொண்டு நான் அடிமட்டத்தைத் தொட்டாலும் முள் இரண்டு கிலோவைத் தாண்டாது. பெருமையாக இராது.

மூன்றாவது வழி இன்னொரு கம்ப்யூட்டர். கிரெஸ்ஸி லியோனார்டோ மாதிரி ஒரே பொத்தான் வைத்த எளிய வகையே எனக்குச் சொன்ன விலையில் இருபதாயிரத்தை ஒட்டி நின்றது. கேட்டதும் வீடு அமைதியானது. இத்தனை பணம் கொடுத்து வாங்கும் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று பேச்சைத் திருப்பப் பார்த்தேன். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பார்த்து 1908-இல் முழுகுபவர்களுக்கான முதல் அட்டவணையை வெளியிட்டார். அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

“ஆடு?” என்றாள்.

“சில ஆடு நொண்டிச்சு.”

1959-இல் இத்தாலியில் கம்ப்யூட்டருக்கு முன்னோடியாக ஒரு மீட்டர் செய்தார்கள், மூட்டு வலி தரும் யந்திரம் என்று முழுகுபவர்களே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள் என்பதை அப்போது சொல்லாமல் விட்டது என் இல்லற அனுபவம்.

கடைசி அஸ்திரமாக மலையை எடுத்தேன். முழுகி எழுந்தவர் உடனே உயரம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன், வெளி அழுத்தம் குறைந்தால் குமிழாகக் கிளம்பும். விமானம் என்று சொல்வார்களே தவிர, அந்த எச்சரிக்கை 600 மீட்டர் உயரத்திலிருந்தே ஆரம்பம். ஒரே முழுக்கு என்றால் 12 மணி நேரம், பல முழுக்கு என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். திருமலை ஏறக்குறைய 850 மீட்டர். இன்னும் எத்தனை மணி நேரம் என்பதைக் கம்ப்யூட்டர் குட்டி விமானப் படத்தோடு எண்ணிக்காட்டும். முள் கேஜுக்கு ஏழுமலையான் இருப்பதே தெரியாது.

நானாகப் பயமுறுத்தவில்லை. மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் காத்திருந்து மனைவி எடுத்த 300 ரூபாய் தரிசன டிக்கெட், என் புதுச்சேரி முழுக்குக்கு மறுநாள் காலை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கரையேறினால் திங்கள் காலை எட்டு வரை நான் மலைக்கு ஆகாதவன். போதாததற்கு மாமியாருக்கு அலிபிரி வழியாக நடந்து ஏறும் வேண்டுதல். 3,550 படி. முழுகிய கையோடு உடம்பை வருத்துவதும் கூடாது. இந்த இரண்டு காரணத்துக்காக இருபதாயிரம் அதிகமில்லை என்று முடித்தேன். பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏன் மாப்ளே, மலைக்கு முன்னாடி போயிட்டு கடலுக்கு அப்புறம் போனா அந்தக் குமிழ் வருமா?”

வராது.

“அப்ப பதினெட்டு மணி நேரத்தை எண்ண எதுக்கு மெஷினு?”

முழுக்கைப் பின்னால் தள்ளினேன். கம்ப்யூட்டருக்குப் பதிலாக முள் கேஜ் வந்தது: எண்ணெய் நிரப்பியது, போன அதிகபட்ச ஆழத்தைப் பிடித்து வைக்கச் சிவப்பு முள் ஒன்று கூடுதலாக. நேரத்துக்கு, மச்சானின் பழைய டைவ் வாட்ச். ஜெராக்ஸ் கடையில் அட்டவணையை லேமினேட் செய்துகொண்டேன்; அதன்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். எனக்கு எப்படியும் அதற்கு முன்பே காற்று தீர்ந்துவிடும். நியாயமாகச் சொன்னால், மாற்றுக் கருவிக்கு இந்த மூன்றும் தாராளம். கம்ப்யூட்டர் கண்ணை மூடினால் இவற்றைப் பார்த்து நிதானமாக மேலே வந்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, கரையேறி அன்றைய முழுக்கை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு விமானப் படம் தேவையில்லை.

மலைக்கு முன்னால் போவதில் ஒரு சங்கதி எனக்கு உறைக்கவில்லை. மாமியாரின் வேண்டுதலில் என் முடியும் அடக்கமாம். மொட்டைத் தலையோடு படகேறினேன். புதுச்சேரி வெயில் மேலே வறுத்தது, கத்தி பட்ட இடங்களில் உப்புத் தண்ணீர் கடித்தது. ஆனால் முடியோடு மீசையும் போயிருந்தது. முகமூடியின் ரப்பர் விளிம்பு பதியாமல் தண்ணீர் கசிவதற்கு மீசைதான் காரணம் என்று பயிற்சியாளர் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தார். நானும் வாசலின் தடவித் தடவிப் பார்த்திருந்தேன். அன்று பதினாறு மீட்டர் வரைக்கும் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.