மாமா பதில்கள்: கதவு தட்டும் கர்னல்

இந்த வாரம் ஜெர்மனியின் கொலோனிலிருந்து. கேட்டவர்களுக்கு நன்றி, கேட்காதவர்களுக்கு இரட்டிப்பு நன்றி.

கே: கணினியை ஆன் பண்ணியதும் கறுப்புத் திரையில் சரசரவென்று ஓடும் எழுத்தை யாராவது படிக்கிறார்களா? (மாணவி, ஏரன்ஃபெல்ட்)

வாக்காளர் பட்டியலை யார் படிக்கிறார்கள்? நம் பெயர் இல்லாதபோதுதான் எடுத்துப் பார்ப்போம். இதுவும் பட்டியல்தான். சவுண்டு வராத அன்றைக்கு வரி வரியாகப் படிப்பீர்கள்.

கே: எந்தக் கார்டு எங்கே செருகியிருக்கிறது என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்? (வாசகர், மதுரை)

கர்னல் என்பது இயங்குதளத்தின் மைய நிரல். அதற்குத் தெரியாது. கண் விழித்ததும் தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. கார்டுகள் குடியிருக்கும் பிசிஐ ஊரில் அதிகபட்சம் 256 பஸ் (தரவுத் தெரு), பஸ்ஸுக்கு 32 சாதனம், சாதனத்துக்கு 8 வேலை. ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உன் கம்பெனி நம்பர் என்ன?" ஆள் இருந்தால் 16 பிட்டில் எண் வரும். இல்லாவிட்டால் முழுக்க ஒன்றுகள், ஹெக்ஸில் நாலு எஃப்.

நம்மூரில் மௌனம் சம்மதம். பிசிஐ-யில் மௌனம் காலி வீடு.

கே: அந்தக் கம்பெனி நம்பரை யார் கொடுக்கிறார்கள்? (அதே வாசகர், விடமாட்டார் போல)

பிசிஐ-சிக் என்ற தொழில் அமைப்பு. இன்டெல் வைத்திருப்பது 8086. அவர்கள் 1978இல் விட்ட சிப்பின் பெயர் அது. பேன்சி நம்பர் ஆசை ஆர்டிஓ ஆபீஸோடு நிற்பதில்லை.

கே: 4711 சென்ட் பாட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (வாசகி, சென்னை)

கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். 1794இல் பிரெஞ்சுப் படை கொலோனைப் பிடித்தது. அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க வீடுகளுக்கு வரிசையாக நம்பர் விழுந்தது. குளோக்கன்காஸெ தெருவில் ஒரு வீட்டுக்கு விழுந்தது 4711. அதுவே பிற்பாடு சென்ட்டின் பெயர். அன்றைக்கு வீடு வீடாக நம்பர் போட்டவர்கள் செய்ததும், புது மதர்போர்டில் விழித்த கர்னல் முதலில் செய்வதும் ஒரே காரியம். ஜெர்மன் புரோகிராமர்கள் உதாரணத்துக்கு ஒரு நம்பர் வேண்டுமென்றால் இன்றும் 4711 என்றுதான் தட்டுவார்கள். மணம் மட்டும் வராது.

கே: கொலோனுக்கும் கர்னலுக்கும் என்ன உறவு? சும்மா ஊர்ப்பெருமைதானே? (வாசகர், டாய்ட்ஸ்)

ஊர்ப்பெருமைதான், ஆதாரத்தோடு. இன்டெல் 1992இல் பிசிஐ-யை வெளியிட்டது. இலவச யூனிக்ஸ்களுக்கு அந்த பஸ்ஸில் ஏறத் தெரியவில்லை. வுல்ஃப்காங் ஸ்டாங்கில்மையர், ஸ்டெஃபான் எஸ்ஸர் என்று இரண்டு கொலோன்காரர்கள் 386பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டுக்குமாக என்சிஆர் 53சி810 என்ற ஸ்கசி (டிஸ்க் இணைப்பு) சிப்புக்கு டிரைவர் எழுதினார்கள். வருஷம் 1994.

டிரைவர் ரெடி, சவாரி எங்கே நிற்கிறது என்று யார் சொல்வது? அதற்கு பஸ்ஸைத் துழாவும் நிரல் வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் ஆரம்ப பிசிஐ நிரலும் ஸ்டாங்கில்மையர் கைவண்ணம். 1997 தேதியிட்ட பிசிஐ கோப்பின் தலையில் இருப்பது எஸ்ஸரின் பெயர்.

டிரைவரை ழெரார் ரூதியே என்பவர் லினக்ஸுக்குக் கொண்டுபோனார். லினக்ஸ் கோப்பின் தலைக்குறிப்பில் இருவர் பெயரும் இருக்கும், எஸ்ஸர் பக்கத்தில் கொலோன் பல்கலைக்கழக முகவரியோடு. அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைதான் சென்னைப் பல்கலையின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் ஏற்றியது. ஒரு பக்கம் சொல்லுக்குப் பொருள் தேடினார்கள், இன்னொரு பக்கம் சிப்புக்குப் பெயர் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சிலை வைக்கலாம். கொலோனில் ஏற்கெனவே சிலை ஜாஸ்தி.

கே: கார்டுக்கு எவ்வளவு நினைவக இடம் வேண்டும் என்று கர்னல் எப்படிக் கணக்குப் போடுகிறது? (பொறியாளர், கோவை)

பந்தி டெக்னிக். கார்டின் முகவரிப் பதிவேட்டில் முழுக்க ஒன்றுகளை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும். சில பிட்டுகள் அசையாமல் பூஜ்யமாகவே உட்கார்ந்திருக்கும். இலை நிறையச் சோற்றைப் போட்டு, மிச்சத்தைப் பார்த்து வயிற்றை அளப்பது போல. அளந்தபின், தேவைப்பட்டால் காலியான முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்து உட்கார வைக்கும்.

கே: பிசிஐ-க்கு முன்னால் என்ன செய்தீர்கள்? (இளைஞர், நிப்பஸ்)

தரையில் தவழ்ந்தோம். ஐஎஸ்ஏ கார்டுக்குத் தன் பெயர் சொல்லத் தெரியாது. கர்னல் குத்துமதிப்பாக ஒரு போர்ட்டைத் தட்டும். அங்கே வேறு யாராவது இருந்தால் மெஷினே ஸ்தம்பிக்கும். முகவரியை நாம்தான் ஜம்பர் மாட்டி வைக்க வேண்டும், அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தொப்பி அது. என் நெட்வொர்க் கார்டு 3ஆம் இண்டரப்ட்டில் இருந்தது. இரண்டாவது சீரியல் போர்ட்டும் அதே 3. மவுஸை அங்கே மாட்டியிருந்தேன். மவுஸை அசைத்தால் நெட்வொர்க் படுத்துவிடும். சரிசெய்யக் கழற்றிய ஜம்பர் கம்பளத்துக்குள் விழுந்தது. டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினேன். வீட்டுக்காரி என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். "முகவரி" என்றேன்.

கே: மாமா, எல்லாத்தையும் கேர்னலே தேடிப் பிடிக்குதெண்டால் பயோஸ் என்னத்துக்கு? (தம்பி, யாழ்ப்பாணம்)

பயோஸ் கல்யாணத் தரகர், தம்பி. எங்கெங்கே நினைவகம், மின்சாரம் எப்படி என்று ஜாதகக் கட்டை நீட்டும். 1996இல் அந்த ஜாதகத்துக்கு ஏசிபிஐ என்று பெயர் வைத்தார்கள். தரகர் சில சமயம் "நீ விண்டோஸா?" என்று கேட்பார். லினக்ஸ் கூசாமல் "ஆமாம்" என்கிறது. "இல்லை" என்றால் பாதி வசதியை மறைத்துவிடுவார் என்ற பட்டறிவு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு பூட்.

கே: இண்டரப்ட் என்றால் என்ன? பாடப்புத்தக பதில் வேண்டாம். (வாசகி, திருச்சி)

சரி, பியர்க்கடை பதில். கொலோன் பியர் கோல்ஷ், 0.2 லிட்டர் ஒல்லிக் கிளாஸில் வரும். பரிமாறுகிற கோபெஸ் நீங்கள் கேட்கக் காத்திருக்க மாட்டார். காலி கிளாஸ் கண்ணில் பட்டதும் அடுத்தது மேஜையில், அட்டையில் பென்சில் கோடு ஒன்று. போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸை மூட வேண்டும். காலி கிளாஸ்தான் இண்டரப்ட், அதாவது கார்டு கர்னலைக் கூப்பிடும் சைகை. மூடிய அட்டைதான் அந்தச் சைகையை மறைக்கும் மாஸ்க். மாஸ்க் போட மறந்த இரவுகளைப் பற்றி வீட்டில் கேட்காதீர்கள்.

கே: டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ டிஸ்க்கில் இருக்கிறது. கோழியா முட்டையா? (வாசகர், ஈரோடு)

கட்டுச்சோறு. தேவையான டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாக்கி, கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் இறக்கிவிடுவார்கள். பெயர் இனிட்-ராம்-எஃப்எஸ். வழியில் ஓட்டல் இருக்குமா என்று நம் பாட்டிகள் யோசித்ததே இல்லை.

கே: என் கணினி பூட் ஆக முழுசாக இரண்டு நிமிஷம்! (பொறுமையிழந்தவர், போர்ட்ஸ்)

நம் கொலோன் தேவாலயம் 1248இல் பூட் ஆக ஆரம்பித்தது. நடுவில் 300 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஹேங். தெற்குக் கோபுரத்தின் மேல் பழைய பாரந்தூக்கி மட்டும் பிராக்ரஸ் பார் மாதிரி அசையாமல் நின்றது. லாகின் திரை வந்தது 1880இல். நீங்கள் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கே: செல்போனிலும் இந்தக் கதவு தட்டல் உண்டா? (மாணவர், தரமணி)

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் பெயர் சொல்லும் பழக்கமில்லை. அதனால் "இன்ன முகவரியில் இன்னார்" என்று எழுதிய சீட்டை முன்கூட்டியே கர்னல் கையில் திணிக்கிறார்கள். சீட்டின் பெயர் டிவைஸ் ட்ரீ. 2018இல் உங்கள் பக்கத்து கேம்பஸ், சென்னை ஐஐடி, தன் 'சக்தி' சிப்பில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அந்த சிப்பின் ரிஸ்க்-ஃபைவ் குலத்திலும் சீட்டு முறைதான் வழக்கம்.

கே: பதில் தெரியாத கேள்வி வந்தால் மாமா என்ன செய்வார்? (பெயர் போடாதவர், சூல்ஸ்)

எஃப் எஃப் எஃப் எஃப்.