பாரிவாக்கம் சிக்னலில் நிற்றல்: ஒரு திணையியல் ஆய்வு

பொய்யாவது உள்ளதை மறைத்து இல்லாததை உரைத்தல். அதனை எட்டு வகையாகப் பகுத்து எட்டும் குற்றமே என்றார் அகஸ்டின். கொலைகாரன் வந்து கேட்டாலும், நண்பன் ஒளிந்திருக்கும் இடத்தை மறைக்கப் பொய் சொல்லலாகாது என்று 1797இல் வாதிட்டார் காண்ட். இருவரும் பூந்தமல்லி–ஆவடி சாலையில் பயணம் செய்திராமையால், அங்கே மிகுதியாக வழங்கும் ‘பாரிவாக்கம் சிக்னல்ல நிக்கிறேன்’ என்னும் பொய்க்கு அவர்தம் நூல்களில் இடமில்லாமற்போயிற்று.

பிற பொய்களை விரிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் பொய் ‘வாங்கின விலை’. கடனாளி பொய் ‘ஒண்ணாந்தேதி’.

சிக்னற்பொய்யாவது, உரைப்பவர் வீட்டில் செருப்புத் தேடிக்கொண்டிருக்க, அவர் குரல் மட்டும் பாரிவாக்கத்தில் நிற்பது. இது முல்லைத் திணைக்குரியது. ஏரியுடைய பாரிவாக்கம் மருதமன்றோ எனின், முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவதாகச் சொன்னவருக்காகக் காத்திருத்தல் ஆதலாலும், பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நிற்பவர் செய்வது அதுவே ஆதலாலும், உரிப்பொருள் தவிர்ந்தவை மயங்கலாம் என்று தொல்காப்பியரே இசைவதாலும், தடையில்லை என்க. குறுந்தொகை 66ஆம் பாட்டில், கார்காலத்தில் வருவேன் என்ற தலைவன் வராதிருக்கக் கொன்றை பூத்துவிட, தோழியோ இது கார் அன்று, காலமல்லாத மழையை நம்பி மரம் ஏமாந்தது என்று சாதிக்கிறாள். தாமதித்தவரை விட்டு வழியில் நிற்கும் ஒன்றின்மேல் பழியை ஏற்றும் மரபு அன்றே இருந்தது. கொன்றை நின்ற இடத்தில் இன்று சிக்னல் நிற்கிறது.

பாடவேறுபாடும் உண்டு. ‘சிக்னல்ல நிக்கிறேன்’ என்பது ஆவடிப் பாடம். ‘சிக்னல் தாண்டிட்டேன்’ என்பது பருத்திப்பட்டுப் பாடம். இரண்டிலும் வண்டி வீட்டு வாசலிலேயே நிற்பதால் முன்னதே மூலபாடம் என்பது தேநீர்க்கடைப் பெஞ்சின் இடக்கோடி உரை (டீ பட்ட பிரதி, இரண்டாம் கிளாஸ்); அதை மறுத்து வலக்கோடியார் செய்தித்தாள் ஓரத்தில் வரைந்த நுண்ணுரை, அத்தாளில் பஜ்ஜி மடிக்கப்பட்டமையால், எண்ணெய் படாத மூன்றெழுத்து நீங்கலாக இறந்துபட்டது. நச்சினார்க்கினியர் உரை கண்டிருந்தால், ‘சிக்னல்’ என்பதை நாலு வரி தள்ளிக் கொண்டுபோய் ‘நாளை’ என்பதோடு கூட்டி, பொய்யையே மெய்யாக்கித் தந்திருப்பார்.

தொலைபேசி சுவரோடு கட்டுண்டிருந்த காலத்தில், எடுத்தவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பது வெளிப்படையாதலால், இப்பொய் பிறக்கவில்லை. 1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு சுக்ராமுடன் நாட்டின் முதல் கைபேசி உரையாடலை நடத்திய பின்னரே இதற்கு வழி பிறந்தது. 2017இல் வாட்ஸ்அப், இருக்குமிடத்தை நேரலையாகக் காட்டும் வசதியைத் தந்தபோது பொய் அழியும் என்று எதிர்பார்க்கப்பட, ‘சார்ஜ் இல்ல’ என்னும் துணைப்பொய்யே கூடுதலாக விளைந்தது. காரணம் ஆராயின், ‘இன்னும் கிளம்பல’ என்பதற்குத் திட்டும், ‘சிக்னல்’ என்பதற்கு ‘சரி, பாத்து வா’வும் கிடைப்பதேயாம்.

தீங்கு சிறிதன்று. அகநானூறு 256ஆம் பாட்டில், தான் கெடுத்த பெண்ணை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தவனை, கள்ளூர் அவையம் சாட்சி கேட்டு, மரக்கிளையில் பிணித்துத் தலையில் நீறு பெய்தது. சிக்னற்பொய்க்கு அவ்வகை அவையம் இல்லாமையால் தண்டனை மெய்யர்மேல் விழுகிறது: சிவப்பு விளக்கில் உள்ளபடியே நிற்பவர் அதைச் சொல்ல, ‘செருப்பு கெடச்சுதா?’ என்று எதிர்முனை கேட்கிறது. காத்திருப்பவரும் நாளடைவில் வீட்டிலிருந்தபடியே ‘நான் வந்து அரை மணி நேரமாச்சு’ என்னக் கற்கிறார்.

ஆய்வு மாணவர் நெறியாளரிடம் ‘கடைசி இயல் தட்டச்சில் இருக்கிறது’ என்பதும், நெறியாளர் ‘முன்னே தந்ததைப் படித்துக்கொண்டே இருக்கிறேன்’ என்பதும் இவ்வினத்தின் பல்கலைக்கழகக் கிளைகள். இவற்றை உரிய சான்றுகளுடன் விளக்கும் இரண்டாம் பகுதி தட்டச்சில் இருக்கிறது.