படகில் வாழைப்பழம் இருத்தலும் சால்மன் கடியாமையும்: ஓர் ஆய்வு

சால்மன் ஏன் பிடிபட்டது என்று கடலில் எவரும் கேட்பதில்லை. பிடித்தவர் கேட்காமலே சொல்லிவிடுவார். ஏன் பிடிபடவில்லை என்பதற்குத்தான் சாத்திரம் வேண்டியிருக்கிறது. அந்தச் சாத்திரத்தில் வாழைப்பழத்துக்கு உரிய இடத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் கனடாவின் மேற்குக் கரை. வான்கூவர் தீவில் உள்ள கேம்பெல் ரிவர் என்னும் ஊர். அங்கே ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 1924இல் தொடங்கிய டையீ கிளப்பின் விதிகள் நடக்கின்றன. 'டையீ' என்றால் அந்தக் கரையின் பழைய வணிகக் கலப்புமொழியில் தலைவர் என்று பொருள். சினூக் என்னும் சால்மன் வகை 30 பவுண்டு எடையைத் தொட்டால் டையீ ஆகும். ஓர் அவுன்சு குறைந்தால் மீனாகவே இருந்துவிட வேண்டியதுதான். அப்படியானால் தலைமைப் பண்பு அந்தக் கடைசி அவுன்சில்தான் குடியிருக்கிறதா என்று தருக்க நூலார் கேட்கலாம். தராசு வைத்திருப்பவர் ஆம் என்பார்.

பிடிக்கும் முறையும் நோக்கத்தக்கது. மோட்டார் ஓடக்கூடாது, ஒருவர் துடுப்பு வலிக்க, மற்றவர் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உண்மையான இரை ஆகாது. பளபளக்கும் உலோகக் கரண்டி போன்ற பொய்யிரைதான். முள் ஒன்றே ஒன்று, அதிலும் எதிர்முள் இருக்கக்கூடாது. நரம்பு 20 பவுண்டுக்கு மேல் தாங்கக்கூடாது. மீன் 30 பவுண்டுக்குக் குறையக்கூடாது. தோற்பதற்குத் தேவையான எல்லா வசதிகளையும் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்ட வேறொரு சங்கத்தை நான் அறியேன்.

மீன் தரப்பிலும் ஒத்துழைப்பு குறைவு. முட்டையிடுவதற்காகக் கடலை விட்டு ஆற்றுக்குத் திரும்பும் சால்மனுக்கு வாயிலிலேயே பசி அடங்கத் தொடங்கிவிடுகிறது. ஆற்றுக்குள் போனபின் அது உண்பதே இல்லை எனலாம். அப்படிப்பட்டதன் முன்னால் கரண்டியை ஆட்டுகிறோம். உண்ணாவிரதம் தொடங்கப் போகிறவரை வழிமறித்து, இலையில் சோறும் வைக்காமல் வெறும் கரண்டியைக் காட்டுவதற்கு ஒப்பானது இது. பின் ஏன் எப்போதாவது கடிக்கிறது எனின், பழைய பழக்கம் என்பர் ஒரு சாரார். கோபம் என்பர் மற்றொரு சாரார். கரண்டியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தபின் நான் இரண்டாம் கட்சியில் சேர்ந்தேன்.

இனி வாழைப்பழம். அது படகேறினால் மீன் ஏறாது என்பது அந்தக் கரையில் படித்தவர் படியாதவர் எல்லாரும் ஒப்பிய கொள்கை. காரணம் கேட்டால் மூன்று சொல்வார்கள். பழம் அழுகும் முன் கரை சேர வேண்டும் என்று அந்தக் காலத்துக் கப்பல்கள் விரைந்ததால் மாலுமிகளுக்குத் தூண்டில் போட நேரமில்லை என்பது ஒன்று. துடுப்புப் படகு எவ்வளவு விரையும் என்பதை ஒருமுறை வலித்தவர் அறிவர், இது பொருந்தாது. தாரோடு விஷச் சிலந்தி வந்து ஆளைக் கடிக்கும் என்பது இரண்டு. அது ஆளைக் கடிப்பதற்குக் காரணமாகலாம். மீன் கடியாமைக்கு ஆகாது. தோலில் வழுக்கி விழுவார்கள் என்பது மூன்று. சின்னப் படகில் எழுந்து நிற்பவர் விழுவதற்குத் தோல் எதற்கு?

வாழை மரத்தை வாசலில் கட்டாமல் எந்த நல்ல காரியமும் தொடங்காத குடியில் பிறந்தவன் நான். ஆகஸ்டு மாத விடிகாலையில் என் சாப்பாட்டுப் பையில் எலுமிச்சைச் சாதத்தோடு ஒரு பழமும் இருந்தது தற்செயல் அல்ல, வளர்ப்பு. படகுக்காரர் பையைப் பார்த்தார். இராகுகாலத்தில் பெண் பார்க்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கரையிலேயே தின்று தோலைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறும்படி சொன்னார். அப்படியே செய்தேன். நாலு மணி நேரம் வலித்தார். ஒன்றும் இழுக்கவில்லை.

"பழம்தான் படகில் இல்லையே" என்றேன்.

"உங்கள் வயிற்றில் இருக்கிறதே" என்றார்.

இவ்வளவு உறுதியான கோட்பாட்டை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

மணத்தைக் கொண்டு இதற்கு ஆதாரம் தேட முயன்றேன். சால்மன் தான் பிறந்த ஓடையை மூக்கால் அறிந்து திரும்புகிறது என்பதை 1950களில் ஆர்தர் ஹாஸ்லர் ஆராய்ந்து நிறுவினார். வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட், தேனீக்களுக்கு ஆபத்து அறிவிப்பு. சால்மன் தேனீயாக இருந்திருந்தால் இவ்வாய்வு இங்கேயே முடிந்திருக்கும். அதே காலத்தில் கனடிய ஆய்வாளர்கள், ஆறேறும் சால்மனின் முன்னே மனிதக் கையையும் கரடிப் பாதத்தையும் கழுவிய நீரை விட்டுப் பார்த்தார்கள். மீன்கள் மிரண்டு பின்வாங்கின. மிரட்டியது தோலிலிருந்து வரும் செரீன் என்னும் அமினோ அமிலம் என்று 1956இல் கண்டுபிடித்தார்கள். அதாவது மீனுக்குக் கரடியும் நாமும் ஒரே சாதி. பழத்தைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. கைவாடை போக எலுமிச்சை மணமுள்ள பாத்திர சோப்பால் கை கழுவுவது அங்கே பலரின் வழக்கம். எலுமிச்சைச் சாதம் குற்றச்சாட்டிலிருந்து தப்பியது இப்படித்தான்.

செரீன் எல்லார் கையிலும் உண்டு, படகுக்காரர் கையிலும் உண்டு என்பதை நடுக்கடலில் எடுத்துச் சொன்னேன். அதன்பின் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நீரோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. ஊருக்கு வடக்கேயுள்ள சீமோர் குறுகலில் ஓட்டம் 15 நாட் வரை போகும். அங்கே கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்த ரிப்பிள் ராக் என்ற பாறையை 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அன்று மீன் கடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். மற்ற நாட்களில் ஏற்றத்தில் மீன் கிடைக்காதவர் வற்றத்தில் வந்திருக்க வேண்டும் என்பார். வற்றத்தில் கிடைக்காதவர் என்ன சொல்வார் என்பதை எழுதத் தேவையில்லை.

ஒரு பழம், ஒரு நாள், ஒரு படகு என்பது மிகச் சிறிய மாதிரி. அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து ஆய்வைத் தொடர விரும்புவதாகத் தெரிவித்தேன். படகுக்காரர் மறுக்கவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.