கோடைக்கு மட்டும் வாடகைக்கு

ஐஸ் ஹாக்கி அரங்கத்தைக் கோடையில் என்ன செய்வது? 1931இல் மாண்ட்ரியல் கனடியன்ஸ் ஹாக்கி அணியின் முதலாளிகள் லியோ டான்டுரானுக்கும் ஜோ கட்டாரினிச்சுக்கும் இந்தக் கவலை வந்தது. உலகப் பொருளாதாரமே குப்புறப் படுத்திருந்த சமயம். ஐஸ் உருகினால் கூட்டமும் கரைந்துவிடும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஆறு மாதம் ஈ ஓட்டவேண்டும்.

பூர்வகுடி மக்கள் நூற்றாண்டுகளாக ஆடிவந்த லக்ராஸ் அவர்கள் கண்ணில் பட்டது. இந்த விளையாட்டுக்கு ஏற்கெனவே ஒரு பூர்வகதை உண்டு. மாண்ட்ரியல் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் அதற்குச் சட்டதிட்டம் எழுதி வெள்ளைக்காரர் விளையாட்டாக்கினார். 1880இல் கனடா லக்ராஸ் சங்கம், 'இனி அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம்' என்றது. பூர்வகுடிகள் காசு வாங்கி ஆடுகிறவர்களாம், ஆகவே வெளியே. ஆட்டத்தைக் கொடுத்தவனையே வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே விருந்து நடத்துவது எப்படி என்று அந்தச் சங்கத்திடம்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

நம் முதலாளிகள் அந்த ஆட்டத்தைப் புல்வெளியிலிருந்து பெயர்த்து, ஐஸ் போன பிறகு மிஞ்சும் தரையில் இறக்கி, கூரையும் போட்டுவிட்டார்கள். ஆட்களைக் குறைத்தார்கள். சுற்றிலும் ஹாக்கிப் பலகைச் சுவர் இருந்தது. பந்து வெளியே போகாது, அடிபட்டவனும் வெளியே போகமுடியாது. இதற்காக அவர்கள் தொடங்கிய லீக் 1932ஐத் தாண்டவில்லை. ஆனால் 'பாக்ஸ் லக்ராஸ்' என்ற யோசனை தங்கிவிட்டது. காலி அரங்கமும் வருஷாவருஷம் வரும் கோடையும் இருக்கும்வரை அந்த யோசனைக்குச் சாவில்லை.

1974இல் மறுபடி முளைத்தது. நேஷனல் லக்ராஸ் லீக், ஆறு அணிகள்: மாண்ட்ரியல், டொரண்டோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ், பிலடெல்பியா, மேரிலாண்ட். ஒரு கோடைக்குள் ஆளுக்கு 40 ஆட்டம். டொரண்டோ அணிக்கு 'டாமஹாக்ஸ்', மேரிலாண்டுக்கு 'ஆரோஸ்' என்று பெயர். கோடரியும் அம்பும் பூர்வகுடிகளுடையவை. கல்லாப்பெட்டி வேறு ஆளுடையது.

ஆட்டத்தைக் குறை சொல்லக்கூடாது. பக்கத்துக்கு ஆறு பேர். நுனியில் வலை கட்டிய தடி, கெட்டி ரப்பர் பந்து. கோல்கீப்பர் மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு நின்றால் கோலே தெரியாது. அவர் தோளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் பந்து நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சந்தில்தான் ஒரு ராத்திரிக்குப் பத்துப் பதினைந்து கோல் போடுவார்கள். பந்து வைத்திருப்பவனைத் தடியின் நடுப்பகுதியால் நெட்டித் தள்ளலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஹாக்கி சண்டை இல்லாமல் கோடை முழுக்கக் கை நமநமத்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு வேறென்ன வேண்டும்? பிலடெல்பியாவில் ஜனம் வரத்தான் செய்தது.

முதல் வருஷம் ராச்செஸ்டர் கிரிஃபின்ஸ் அணி இறுதியில் பிலடெல்பியா விங்ஸைத் தோற்கடித்து நேஷன்ஸ் கோப்பையை வாங்கியது. சொந்த ஊர் அதற்குச் செய்த மரியாதையோ என்னவோ, அடுத்த வருஷம் அணியே ஊரில் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு லாங் ஐலண்ட் போய்விட்டது. அங்கே அது வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? டாமஹாக்ஸ்! அப்படியானால் டொரண்டோவின் அசல் டாமஹாக்ஸ்? அது பாஸ்டனுக்குப் போய் 'போல்ட்ஸ்' ஆகிவிட்டது. சிராக்யூஸ் அணி எல்லை தாண்டி கியூபெக் நகரத்தில் 'கரிபூஸ்' என்று இறங்கியது. ஆறில் மூன்று அணிகள் ஒரே குளிர்காலத்தில் ஊர் மாறின. ராச்செஸ்டரில் போன வருஷத்து ஜெர்சியை ஆசையாக வாங்கிவைத்திருந்த ரசிகன் அதைப் போட்டுக்கொண்டு எந்த ஊருக்குப் போவான்?

1975இல் ஆட்டங்களை 48 ஆக்கினார்கள். 40 ஆட்டத்துக்கே கையைக் கடித்தது என்றால் 48 ஆடிச் சரிக்கட்டலாம் என்று கணக்குப் போட்ட புண்ணியவான் யார் என்று தெரிந்தால் தேவலை. கோப்பையை கரிபூஸ் தட்டிச்சென்றது, இறுதியில் மாண்ட்ரியலை வென்று. ஊர் மாறியவன்தான் ஜெயிப்பான் என்று ஒரு சாஸ்திரம் உருவாகியிருக்கும். மூன்றாவது சீசன் நடந்திருந்தால்.

நடக்கவில்லை. சில அணிகளிடம் காசு இல்லை; அதைக்கூட எப்படியோ தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். மாண்ட்ரியல் அணிக்கு வந்தது வேறு மாதிரிச் சங்கடம். அது ஆடிவந்த ஃபோரம் அரங்கம் 1976 கோடைக்கு வேறு ஆளுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. யாரும் சீந்தாத மாதங்களில் இடத்தை நிரப்பத்தான் இந்த ஆட்டத்தையே உள்ளே கூப்பிட்டார்கள். அந்த மாதங்களுக்கு ஒரு பெரிய குடித்தனக்காரர் வந்தார், ஒலிம்பிக்ஸ் என்று. அவரோடு வாடகை பேசிப் போட்டிபோட லக்ராஸால் ஆகுமா? 1976 தொடக்கத்திலேயே லீக் கடையைச் சாத்தியது.

ஜூலையில் ஃபோரத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ். ருமேனியாவிலிருந்து வந்த 14 வயது நாடியா கொமனேச்சி கம்பிகளில் சுழன்று இறங்கினாள். நடுவர்கள் முழுசாகப் பத்து மதிப்பெண் போட்டார்கள். ஸ்கோர் பலகையில் 1.00 என்று விழுந்தது. பத்தெல்லாம் யாருக்கு வரப்போகிறது என்று பலகையில் அதற்கு இடமே வைக்கவில்லையாம். போன கோடை வரைக்கும் அதே கட்டடத்தில் பத்தைத் தாண்டுவது தோற்ற அணிக்கே சாதாரணமாக இருந்தது.